ஓட்டுச் சில்லில் தொடங்கும் பாடம்

தமிழகப் பள்ளிகளில் தொல்லியல் நெடுங்காலம் பாடநூலின் சில பத்திகளோடு நின்றுவிட்டது. அதை மாணவர் கையில் கொண்டு சேர்த்ததில் வகுப்பறைக்கு வெளியே நடந்த முயற்சிகளுக்கே பெரும்பங்கு உண்டு. 1961-இல் மாநிலத் தொல்லியல் துறை உருவானது. அதன் இயக்குநராக 1966-இல் பொறுப்பேற்ற இரா. நாகசாமி, மலிவு விலைக் கையேடுகள் வழியாகப் பழஞ்சின்னங்களைப் பொதுமக்களிடமும் மாணவரிடமும் கொண்டு சென்றார்.

கீழடியில் கிடைத்த பழம்பொருள்கள் 1970களிலேயே அவ்வூர்ப் பள்ளி மாணவர் மூலம் வரலாற்று ஆசிரியர் ஒருவரின் பார்வைக்கு வந்தன. அவர் அரசுக்கும் தெரிவித்தார். மத்தியத் தொல்லியல் துறை அங்கே அகழாய்வைத் தொடங்கியதோ 2014-15 பருவத்தில்தான்.

ராமநாதபுரம் மாவட்டம் திருப்புல்லாணி அரசு மேல்நிலைப் பள்ளியில் 2010-இல் தொன்மைப் பாதுகாப்பு மன்றம் தொடங்கப்பட்டது. அந்த வட்டாரமே ஒரு திறந்த பாடநூல். அருகிலுள்ள பெரியபட்டினத்தில் இடைக்காலச் சீனப் பீங்கான் ஓடுகள் கிடைத்துள்ளன.

செய்முறைப் பாடத்துக்குப் பானை ஓடே போதும். கருப்பு-சிவப்பு ஓட்டின் உட்புறமும் விளிம்பும் கறுத்திருக்கும், வெளிப்புறம் சிவந்திருக்கும். பானையைக் கவிழ்த்துச் சுட்டதால் உள்ளே காற்றுப் படவில்லை என்பதை மாணவரே ஊகித்துவிடுவர். விளிம்புத் துண்டை ஒருமைய வட்டங்கள் வரைந்த தாளில் பொருத்தினால் வாயின் அகலம் தெரியும். கல்வெட்டு மைப்படி இன்னும் சுவையானது. கல்லைக் கழுவி, நனைத்த தாளை ஒட்டி, பிரஷால் தட்டத் தட்டத் தாள் எழுத்துக் குழிகளுக்குள் இறங்கும். ஈரம் சற்றுக் காய்ந்தபின் மை ஒற்றினால் கல்லின் பரப்பு கறுத்து, எழுத்துகள் வெள்ளையாக எழும். அரை மணி நேர உழைப்பில் தன் கையால் எடுத்த எழுத்தை மாணவர் மறப்பதில்லை.

ஆனால் அகழ்வது மாணவர் வேலையன்று. ஒரு குழியைத் தோண்டினால் மண்ணடுக்கு குலையும். அதை மறுபடி அடுக்க யாராலும் முடியாது. ஆகவே மேற்பரப்பில் கிடப்பதைப் பார்ப்பது, படமெடுப்பது, கிடைத்த இடத்தைக் குறிப்பது என்ற அளவே பள்ளிக்கு ஏற்றது. இடம் தெரியாத ஓடு எவ்வளவு அழகாக இருந்தாலும் சான்றாகப் பெரிதும் பயன்படாது. ஊர், நிலத்தின் சர்வே எண், நாள் ஆகியவற்றை ஓடு கிடைத்த அன்றே எழுதி வைக்கும் பழக்கத்தை ஆசிரியர்கள் முதலில் ஊட்ட வேண்டும். மண்ணில் புதைந்து கிடந்த 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள பொருளை மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டம். அதையும் அதே வகுப்பிலேயே சொல்லிவிடுவது நல்லது.