முக்கால் பங்கு வருகை: ஒரு விதியின் வரலாறு

பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வு நெருங்கும்போதெல்லாம் பள்ளி அலுவலகங்களில் ஒரு பட்டியல் உருவாகிறது. வருகை குறைந்தோர் பட்டியல் அது. நடுவண் இடைநிலைக் கல்வி வாரியமான சிபிஎஸ்இ-யின் விதிப்படி தேர்வெழுத 75 விழுக்காடு வருகை வேண்டும். ஆண்டுக்கு 200 வேலைநாள்கள் நடக்கும் பள்ளியில் 150 நாள்கள் வந்திருக்க வேண்டும். நீண்டநாள் நோய், தாய் அல்லது தந்தையின் மறைவு, அங்கீகரிக்கப்பட்ட விளையாட்டுப் போட்டிகள் போன்ற காரணங்களுக்காக 60 விழுக்காடு வரை தளர்வு தரலாம். அதற்கும் கீழே சென்றால் கடும் நோய் போன்ற விதிவிலக்கான சூழல் மட்டுமே கருதப்படும்.

பாடம் தெரிந்தவர் தேர்வெழுதினால் போதாதா, வகுப்பில் அமர்ந்திருந்தாரா என்பதை ஏன் பார்க்க வேண்டும்? இக்கேள்வி இன்றையது அன்று. இந்தியாவின் நவீனக் கல்வியமைப்பு தோன்றியபோதே அதுவும் உடன் தோன்றியது.

1854ஆம் ஆண்டின் வுட் கல்வி அறிக்கை இந்தியப் பல்கலைக்கழகங்களுக்கு லண்டன் பல்கலைக்கழகத்தை முன்மாதிரியாகக் காட்டியது. அது அன்று பாடம் நடத்தும் நிறுவனமாக இல்லை. தேர்வு நடத்திப் பட்டமளிக்கும் நிறுவனமாகவே இருந்தது. அவ்வழியில் 1857இல் கல்கத்தா, பம்பாய், சென்னைப் பல்கலைக்கழகங்கள் நிறுவப்பட்டன. அடுத்த ஆண்டே லண்டன், இணைப்புக் கல்லூரியில் பயின்றிருக்க வேண்டும் என்ற நிபந்தனையைக் கைவிட்டது. இந்தியப் பல்கலைக்கழகங்களோ பட்டத்துக்கு இணைப்புக் கல்லூரிப் படிப்பை வலியுறுத்தின. ஒருவர் என்ன அறிந்திருக்கிறார் என்பதே போதும் என்பது ஒரு கொள்கை. அதை யாரிடம், எவ்வளவு காலம் பயின்றார் என்பதும் கணக்கில் வர வேண்டும் என்பது மற்றொன்று. வருகைப்பதிவு விதி இரண்டாம் கொள்கையின் வழி வந்தது.

ஆயினும் நடைமுறையில் வென்றது முதற்கொள்கையே. கல்லூரியின் நுழைவாயிலாக வைக்கப்பட்ட மெட்ரிகுலேஷன், அரசுப் பணிக்கான கடவுச்சீட்டாகவும் மாறியதால், உயர்நிலைப் பள்ளிகளின் முழுப் பாடத்திட்டமும் அதை நோக்கித் திரும்பியது. வினா-விடைக் குறிப்புகளும் உரைநூல்களும் பெருகின. தாமஸ் ராலே தலைமையில் 1902இல் அமைந்த பல்கலைக்கழக ஆணையம், தேர்வுக்குக் கற்பித்தல் அடிமைப்பட்டுவிட்டது என்பதையே முதன்மையான குறையாகக் கண்டது. அதன் பின்னர் சென்னை மாகாணத்தில் எஸ்.எஸ்.எல்.சி. முறை நடைமுறைக்கு வந்தது. பொதுத்தேர்வு மதிப்பெண்ணோடு பள்ளியில் மாணவர் பெற்ற மதிப்பெண்களும் ஏறிய சான்றிதழ் அது. அன்றாடக் கற்றலுக்கு ஆவணமதிப்பு தர முயன்ற தொடக்கக் கால ஏற்பாடுகளில் அது ஒன்று.

1917 முதல் 1919 வரை பணியாற்றிய சாட்லர் ஆணையம், இன்டர்மீடியட் கல்வியைப் பல்கலைக்கழகத்திலிருந்து பிரித்துத் தனி வாரியத்திடம் ஒப்படைக்கப் பரிந்துரைத்தது. ஐக்கிய மாகாணத்தில் 1921இல் அத்தகைய வாரியம் அமைந்தது. 1929இல் அஜ்மீரை மையமாகக் கொண்டு தோன்றிய இராஜபுதன வாரியமே 1952இல் இன்றைய சிபிஎஸ்இ என்னும் பெயரைப் பெற்று, 1962இல் மறுசீரமைக்கப்பட்டது. தேர்வை நடத்தும் அமைப்பு மாறியது. தேர்வின் மேலாதிக்கம் மாறவில்லை.

விடுதலைக்குப் பின் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஆ. இலட்சுமணசுவாமி முதலியார் தலைமையில் இயங்கிய இடைநிலைக் கல்வி ஆணையம் (1952–53) இச்சிக்கலை மீண்டும் எடுத்தது. புறத்தேர்வுகளின் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும், இறுதி மதிப்பீட்டில் பள்ளிப் பதிவேடுகளுக்கும் இடமளிக்க வேண்டும் என்பன அதன் பரிந்துரைகள். கோத்தாரி ஆணையம் (1964–66) 10+2+3 என்னும் அமைப்பை முன்வைத்தது. தமிழ்நாட்டில் 1978இல் பல்கலைக்கழகப் புகுமுக வகுப்பு நீங்கி மேல்நிலைக் கல்வி பள்ளிகளுக்கு வந்தது. பதினாறு, பதினேழு வயதினரின் படிப்பு, வருகை, தேர்வு ஆகிய மூன்றுக்கும் பள்ளி பொறுப்பேற்க வேண்டியதாயிற்று.

அப்பொறுப்பை அடுத்து வந்த நுழைவுத் தேர்வுகள் உள்ளீடற்றதாக்கின. 2013 முதல் 2016 வரை ஜேஇஇ முதன்மைத் தேர்வின் தரவரிசையில் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணுக்கு 40 விழுக்காடு எடை இருந்தது. 2017 முதல் அது நீக்கப்பட்டது. பள்ளி மதிப்பெண் தரவரிசையைத் தீர்மானிக்காதபோது பள்ளிக்குச் செல்லும் நேரம் வீண் என்று கணக்கிடும் குடும்பங்கள் பெருகுவது இயல்பே. பெயர் பள்ளியிலும் உடல் பயிற்சி மையத்திலும் இருக்கும் ‘டம்மி பள்ளி’ ஏற்பாடு இவ்வாறே வேரூன்றியது. 2024 ஜனவரியில் நடுவண் கல்வி அமைச்சகம் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள், பள்ளி நேரத்தில் பயிற்சி வகுப்பு நடத்தலாகாது என்றன. அதே ஆண்டு மார்ச்சில் சிபிஎஸ்இ திடீர் ஆய்வுகளுக்குப் பின் 20 பள்ளிகளின் இணைப்பை நீக்கியது.

நுழைவுத் தேர்வு இல்லாமலும் இந்நோய் வரும் என்பதற்குத் தமிழ்நாடே சான்று. பிளஸ் டூ மதிப்பெண்ணே தொழிற்கல்விக்கு வழியாக இருந்த காலத்தில், பிளஸ் ஒன் பாடங்களைக் கைவிட்டு இரண்டாண்டுகளும் பிளஸ் டூ பாடத்தையே நடத்திய தனியார் பள்ளிகள் இருந்தன. அதைத் தடுக்க 2017–18இல் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு வந்தது. 2025இல் மாநிலக் கல்விக் கொள்கையோடு அது விலக்கப்பட்டது. கற்பித்தலை உறுதிசெய்ய மற்றொரு தேர்வைத் தவிர வேறு கருவி அரசின் கையில் இல்லாமற் போனதே இங்கு கவனிக்கத்தக்கது.

இவ்வரலாற்றின் ஒளியில் பார்த்தால் 75 விழுக்காடு விதியின் முரண் தெளிவாகும். பணம் செலுத்தி டம்மி பள்ளியில் சேர்ந்தவரின் வருகை பதிவேட்டில் குறைவின்றி நிரம்பியிருக்கும். அறுவடைக்கால வேலைக்குச் சென்றவர், நோயுற்ற தாய்க்குப் பதிலாகத் தம்பி தங்கையரைக் கவனித்தவர், பேருந்து வராத நாள்களில் வீட்டில் தங்கியவர் ஆகியோரின் வருகை உண்மையாகவே குறைந்திருக்கும். மருத்துவமனையில் படுத்தவருக்குச் சான்றிதழ் கிடைக்கும். வீட்டில் பிறரைப் பார்த்துக்கொண்டவருக்கு எச்சான்றும் கிடைக்காது. கற்பித்தலைக் காக்கப் பிறந்த விதி, கற்பித்தல் நடக்காத இடத்தைக் காணாமல், உதவி தேவைப்படுபவரையே வாயிலில் நிறுத்துகிறது. 1979இல் சிபிஎஸ்இ-யின் திட்டமாகத் தொடங்கி 1989இல் தனி நிறுவனமான திறந்தநிலைப் பள்ளி அத்தகையோருக்கு ஒரு வழி. ஆனால் பள்ளியில் தொடர்ந்து பயில விரும்பும் ஒருவருக்கு அது மாற்று ஆகாது.

படிக்கும் பழக்கமும் இதனோடு பிணைந்ததே. ஆர். கே. நாராயண் 1989இல் மாநிலங்களவையில் பள்ளிப் பிள்ளைகளின் சுமை குறித்து உரையாற்றினார். பின்னர் அமைந்த யஷ்பால் குழு 1993இல் அளித்த அறிக்கை, புத்தகப்பையின் எடையைக் காட்டிலும் புரியாமையே பெருஞ்சுமை என்றது. புரியாத பாடம் மனப்பாடத்துக்கு இட்டுச்செல்லும். மனப்பாடம் கடைசி மாதத்துக்குத் தள்ளிப்போகும். கடைசி மாதம் அச்சத்தில் கழியும். இச்சங்கிலியை முதற்கண்ணியிலேயே அறுக்க வல்லது வகுப்பறை. ஐயத்தை அன்றே கேட்பது, எழுதிய விடை திருத்தப்பட்டு அதே வாரத்தில் திரும்புவது, உடன் பயில்பவருக்கு விளக்கிச் சொல்வது ஆகியவற்றால் பழக்கம் உருவாகிறது. 150 நாள் வருகையின் பொருளும் இதுவே.

2021இல் பெருந்தொற்றால் பொதுத்தேர்வு கைவிடப்பட்டபோது, சிபிஎஸ்இ பன்னிரண்டாம் வகுப்பு முடிவைப் பத்தாம் வகுப்பு 30, பதினோராம் வகுப்பு 30, பன்னிரண்டாம் வகுப்புப் பள்ளித் தேர்வுகள் 40 என்னும் விகிதத்தில் கணித்தது. முதலியார் ஆணையம் 1953இல் இடமளிக்கச் சொன்ன பள்ளிப் பதிவேடுகளே இறுதியில் துணைநின்றன. இயல்புநிலை திரும்பியதும் அவை மீண்டும் அலமாரிக்குச் சென்றன.

வருகைப்பதிவேடு நாள்தோறும் எழுதப்படும் ஆவணம். ஆனால் அது படிக்கப்படுவது தேர்வுக்கு முன் ஒருமுறைதான். பத்து நாள் தொடர்ந்து வராத மாணவரின் வீட்டுக் கதவை ஜூலையிலேயே தட்டும் பள்ளிக்கு ஜனவரியில் பட்டியல் தேவைப்படாது. விதியைத் தளர்த்துவதா இறுக்குவதா என்ற விவாதத்துக்கு முன், அந்தப் பதிவேட்டை ஆண்டு முழுவதும் படிக்க ஆசிரியருக்கு நேரமும் பள்ளிக்கு ஆலோசகரும் உண்டா என்று கேட்பதே முறை.