எம்1911 கைத்துப்பாக்கியின் குறிநோக்கிகள்

எம்1911 என்பது ஜான் மோசஸ் பிரௌனிங் வடிவமைத்த அரைத் தானியங்கிக் கைத்துப்பாக்கி ஆகும். விசையை ஒருமுறை இழுத்தால் ஒரு தோட்டா வெடிக்கும். அடுத்த தோட்டா தானாகவே குழலுக்குள் ஏறிக்கொள்ளும். ஐக்கிய அமெரிக்கத் தரைப்படை இதனை 1911 மார்ச்சு 29 அன்று ஏற்றுக்கொண்டது. 1985 இல் பெரெட்டா எம்9 தெரிவு செய்யப்படும்வரை இதுவே அந்நாட்டுப் படைகளின் முதன்மைக் கைத்துப்பாக்கியாக இருந்தது. இதன் தோட்டா .45 அங்குல (ஏறத்தாழ 11.4 மி.மீ.) அளவுடையது. தோட்டாக்கூட்டில் 7 தோட்டாக்கள் அடங்கும்.

இலக்குச் சுடும் விளையாட்டில் இத்துப்பாக்கி இன்றும் விரும்பப்படுகிறது. இதன் விசை சுழலாமல் நேராகப் பின்னோக்கி நகர்வதும், ஏறத்தாழ 1.1 கிலோகிராம் எடை அதிர்வை ஓரளவு தாங்கிக்கொள்வதும் அதற்கு முதன்மைக் காரணங்கள். இவ்வளவு சிறந்த கருவிக்கு வாய்த்த குறிநோக்கிகளோ மிகச் சிறியவை.

தொடக்ககால அமைப்பு

குறிநோக்கி இரு பகுதிகளைக் கொண்டது. முனைக்கு அருகே நிற்கும் மெல்லிய தகடு முன்குறி எனப்படும். பின்புறம் உள்ள பிளவுடைய தகடு பின்குறி ஆகும். பிளவின் நடுவே முன்குறி தெரியுமாறும் இரண்டின் உச்சியும் ஒரே மட்டத்தில் இருக்குமாறும் வைத்துச் சுட வேண்டும்.

முதல் துப்பாக்கிகளில் முன்குறியின் தடிமன் சுமார் 1.5 மி.மீ. மட்டுமே. பின்குறியின் பிளவும் அதற்கேற்பக் குறுகியது. உறையில் சிக்காமல் உருவ இது வசதியானது. மங்கிய ஒளியிலோ காண்பதே அரிது. 1920களில் உருவான எம்1911ஏ1 வகையில் முன்குறி அகலமாக்கப்பட்டது. ஆயினும் இன்றைய போட்டிகளில் பயன்படும் 3.2 மி.மீ. அளவுடன் ஒப்பிட்டால் அதுவும் சிறியதே.

கண்ணும் கணக்கும்

இரு குறிகளுக்கும் இடைப்பட்ட தொலைவு ஏறத்தாழ 165 மி.மீ. முன்குறி அரை மில்லிமீட்டர் விலகி நின்றால், 25 மீட்டரில் தோட்டா சுமார் 7.6 செ.மீ. விலகும். 50 கஜத்தில் (46 மீ.) அவ்விலகல் 14 செ.மீ. ஆகும். அமெரிக்காவின் 'புல்ஸ்ஐ' போட்டியில் அத்தொலைவில் வைக்கப்படும் இலக்கின் பத்துப் புள்ளி வட்டமோ 8.5 செ.மீ. விட்டமே உடையது. அதனையும் ஒற்றைக் கையால், நின்றபடி சுட வேண்டும்!

மனிதக் கண் ஒரே நேரத்தில் ஒரு தொலைவை மட்டுமே கூர்மையாகக் காணும். ஆகவே பயிற்சி பெற்றவர்கள் முன்குறியைக் கூர்மையாகக் கண்டு, இலக்கை மங்கலாக விட்டுவிடுவர். நாற்பது அகவையைக் கடந்தவர்களுக்கு அருகிலுள்ளவை மங்குவதால், மெல்லிய முன்குறி பெருந்தொல்லையாகிறது. நல்ல குறிநோக்கி துப்பாக்கியின் துல்லியத்தைக் கூட்டுவதில்லை. முன்பே உள்ள துல்லியத்தைக் கண்ணுக்கு எட்டச் செய்கிறது.

குறிகள் குழலின்மீது அல்லாமல், ஒவ்வொரு வெடிப்பிலும் பின்சென்று திரும்பும் 'ஸ்லைடு' எனும் மேற்பகுதியின்மீது உள்ளன. குழல் ஒவ்வொரு முறையும் அதனுள் அதே இடத்தில் பொருந்தாவிடில், எத்தகைய குறிநோக்கியாலும் பயனில்லை. படையின் துப்பாக்கித் தொழிலாளர்கள் போட்டிக்குரியவற்றில் குழலின் முனைவளையத்தை இறுக்கமாகப் பொருத்தியது இதனாலேயே. குறியை மாற்றுமுன் இதனைச் சோதிப்பது நலம்.

மேம்படுத்தும் முறைகள்

பின்குறி குறுக்குக் காடி ஒன்றில் செருகப்பட்டிருப்பதால், அதனைத் தட்டிக் கழற்றலாம். பழைய முன்குறியோ சிறு துளையில் நுழைக்கப்பட்டு, உட்புறம் அடித்து நசுக்கிப் பிணைக்கப்பட்டது. ஸ்லைடின் இடைவிடாத மோதலால் இது தளர்ந்து பறந்துவிடுவது நன்கறியப்பட்ட குறை. எனவே முன்புறமும் காடி வெட்டிப் புதிய குறியைச் செருகுவதே உறுதியான தீர்வு.

கோல்ட் நிறுவனம் 1957 இல் வெளியிட்ட 'கோல்ட் கப்' வகையில், திருகாணியால் நகர்த்தக்கூடிய பின்குறி இடம்பெற்றது. இருளுக்கென டிரிடியம் அடைக்கப்பட்ட ஒளிர்குறிகளும் உள்ளன. டிரிடியத்தின் அரைவாழ்வுக் காலம் 12.3 ஆண்டுகள்; அதற்குள் ஒளி பாதியாகக் குறைந்துவிடும். செம்புள்ளி காட்டும் மின்குறிநோக்கியில், முன்குறிக்கும் இலக்குக்கும் இடையே பார்வையை மாற்றும் தொல்லை இல்லை. வயது முதிர்ந்தோர்க்கு அது பெருந்துணை.

சரிசெய்தல்

தோட்டா எத்திசையில் நகர வேண்டுமோ, பின்குறியை அத்திசையிலேயே நகர்த்த வேண்டும். முன்குறிக்கு இது நேரெதிர்: உயரமான முன்குறி தோட்டாவைத் தாழ்த்தும். தேவையான மாற்றம் = விலகல் × குறிகளின் இடைத்தொலைவு ÷ இலக்கின் தொலைவு. 25 மீட்டரில் 10 செ.மீ. மேலே பட்டால், முன்குறியை 0.66 மி.மீ. உயர்த்த வேண்டும். ஒரே தோட்டாவை நம்பாமல், பல தோட்டாக்களின் நடுப்புள்ளியை அளந்தே கணக்கிட வேண்டும். குறியைத் தட்டும்போது தோட்டாக்கூடும் குழலும் வெறுமையாக இருப்பதை இருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும்.

பழந்துப்பாக்கிகள்

இரண்டாம் உலகப்போர் முடியும்வரை இருபது இலட்சத்துக்கும் மேற்பட்டவை உற்பத்தியாகின. 2018 முதல் தரைப்படையின் உபரித் துப்பாக்கிகள் குடிமக்கள் துப்பாக்கிச் சுடும் திட்டத்தின் வழியே அமெரிக்கர்களுக்கு விற்கப்பட்டன. அவற்றில் காடி வெட்டினால் மீண்டும் மூடவியலாது. சேகரிப்பாளர்களிடம் மதிப்பும் சரியும். ஆதலால் பலர் பழையதை அப்படியே வைத்துக்கொண்டு, தொழிற்சாலையிலேயே காடி வெட்டப்பட்டு வரும் புதிய 1911 வகைகளில் குறிநோக்கிகளை மாற்றிச் சுடுகின்றனர்.