துருவில் எழுதின நினைவுகள்: காந்த நாடாவின் நூறு வருசக் கதை

கசற் எண்டால் இப்ப இருக்கிற தம்பி தங்கச்சிமாருக்கு ஒரு பழைய பொருள். ஆனால் சுருவில், நாரந்தனை, வேலணை எண்டு தீவகத்தின் எந்த ஊருக்குப் போனாலும், ஏதாவது ஒரு வீட்டு அலுமாரிக்குள்ள நாலைஞ்சு கசற் கிடக்கும். வெளிநாட்டுக்குப் போன பிள்ளைகள் கடிதத்துக்குப் பதிலாகக் குரலைப் பதிந்து அனுப்பின காலம் ஒண்டு இருந்தது. அந்தக் குரல்கள் பதிந்திருப்பது பிளாஸ்ரிக் நாடாவில் பூசின இரும்புத் துகள்களில்தான். பச்சையாகச் சொன்னால், துருவில்.

அந்தத் தொழில்நுட்பம் செத்துப்போச்செண்டுதான் கனபேர் நினைக்கிறார்கள். உண்மை வேறு. உலகத்தின் மிகப்பெரிய தரவுக் களஞ்சியங்கள் இண்டைக்கும் காந்த நாடாவை நம்பித்தான் இருக்கின்றன.

இதைத் தொடங்கி வைத்தவர் ஃபிரிட்ஸ் ஃபிளொய்மர். சிகரெட் தாளில் உலோகக் கோடு ஒட்டுகிற வேலையில் தேர்ந்த பொறியியலாளர். அதே கைப்பக்குவத்தை வைத்து, 1928இல் ஜேர்மனியில் காகித நாடாவொன்றில் இரும்பு ஒட்சைட்டுத் தூளைப் பூசி, அதில் ஒலியைப் பதிந்தார். ஏஈஜி நிறுவனம் அந்த உரிமையை வாங்கி, 1935இல் பேர்லின் வானொலிக் கண்காட்சியில் ‘மக்னெற்றோஃபோன்’ எண்ட கருவியைக் காட்டியது. இரண்டாம் உலகப் போர் முடிந்தபின் அந்தக் கருவிகளில் இரண்டை ஜக் மல்லின் எண்ட அமெரிக்கப் படைவீரர் ஊருக்குக் கொண்டுபோனார். அமெரிக்க வானொலியின் போக்கே அதோடு மாறியது.

ஒலியைப் பதியலாமெண்டால் எண்களையும் பதியலாம்தானே? காந்த முனை இந்தப் பக்கம் திரும்பினால் ஒன்று, அந்தப் பக்கம் திரும்பினால் பூச்சியம். 1951இல் யுனிவக் கணினி உலோக நாடாவில் தரவை எழுதியது. 1952இல் ஐபிஎம் 726 வந்தது. அதன் ஒரு பெரிய சுருளில் அடங்கியது சுமார் 2 மெகாபைற். இண்டைக்கு உங்கட போனில் எடுக்கிற ஒரு படம்கூட அதுக்குள்ள கொள்ளாமல் போகலாம். ஆனால் துளையட்டைகளைப் பெட்டி பெட்டியாக அடுக்கி வைத்தவர்களுக்கு அது பெரிய விடுதலை.

பிறகு வன்தட்டு வந்தது. வேண்டிய இடத்துக்கு ஒரே பாய்ச்சலில் போய் அது வாசிக்கும். நாடாவோ சுத்திச் சுத்தித்தான் போகவேணும். கசற்றில் நடுவில இருக்கிற பாட்டைத் தேடி ‘ஃபோர்வேர்ட்’ அமத்தினவர்களுக்கு இந்தக் கஷ்டம் தெரியும். அன்றாட வேலையிலிருந்து நாடா ஒதுங்கியது. ஆனால் நீண்டகாலச் சேமிப்பில் அதை அடிக்க ஆளில்லை. 2000ஆம் ஆண்டில் எல்ரிஓ எண்ட பொது நியமத்தில் வந்த முதல் நாடாப்பெட்டி 100 ஜிகாபைற் கொண்டது. 2021இல் வந்த ஒன்பதாம் தலைமுறை 18 ரெராபைற். 1952இன் சுருள் கணக்கில் பார்த்தால் 90 இலட்சம் சுருள்கள், ஒரு உள்ளங்கைப் பெட்டிக்குள். அதற்குள் இருக்கும் நாடாவின் நீளம் 1,035 மீற்றர். ஒரு முனையை சுருவிலில் பிடித்துக்கொண்டு இழுத்தால் ஒரு கிலோமீற்றர் தாண்டிப் போகும்.

துகள்களைச் சின்னதாக்கினதுதான் இதன் இரகசியம். பழைய இரும்புத் துகள்களின் இடத்துக்கு பேரியம் ஃபெரைற் வந்தது. 2020இல் ஐபிஎம்மும் ஃபியூஜிஃபிலிமும் ஸ்ரொன்சியம் ஃபெரைற்றைப் பூசி, ஒரு பெட்டியில் 580 ரெராபைற் வரை கொள்ளக்கூடிய அடர்த்தியை ஆய்வுகூடத்தில் காட்டின.

ஆனால் நாடாவின் உண்மையான பெலம் கொள்ளளவு இல்லை. எழுதி முடித்து அலுமாரியில் வைத்த நாடா எந்த வலையமைப்போடும் தொடுத்திருக்காது. அதுக்கு மின்சாரமும் தேவையில்லை. 2011 பெப்ரவரியில் ஒரு மென்பொருள் வழுவால் பல்லாயிரம் பேரின் ஜிமெயில் பெட்டிகள் வெறுமையாயின. கூகிள் பல இடங்களில் வைத்திருந்த பிரதிகளையும் அந்த வழு விடவில்லை. கடைசியில் நாடாவிலிருந்துதான் மடல்களை மீட்டார்கள்.

இதுக்கு எதிர்மாறான கதை எங்கட நாட்டில் நடந்தது. 2023 ஓகஸ்ற்றில் இலங்கை அரசின் மின்னஞ்சல் முறைமையைப் பணயத் தீநிரல் தாக்கியது. பிரதி இருந்தது, ஆனால் அதுவும் வலையோடு தொடுத்திருந்தது. அசலோடு சேர்த்து அதுவும் பூட்டுப்பட்டது. மே 17 முதல் ஓகஸ்ற் 26 வரையான மடல்கள் போயின. சுமார் 5,000 முகவரிகள் பாதிப்புக்குள்ளாகியிருக்கலாமெண்டு சொல்லப்பட்டது. வலைக்கு வெளியே வைத்த ஒரு நாடா அந்த மூண்டு மாதத்தைக் காப்பாற்றியிருக்கும்.

ஒரே இடத்தில் ஒரே பிரதி இருந்தால் என்னாகும் எண்டது தமிழருக்குப் புதுப் பாடமில்லை. 1981இல் யாழ் பொதுநூலகத்தில் எரிந்த சுமார் 97,000 நூல்களுக்குள், வேறெங்கும் பிரதியில்லாத ஏடுகளும் இருந்தன. 2005இலிருந்து நூலகம் திட்டம் எங்கட நூல்களையும் பத்திரிகைகளையும் எண்ணிமப்படுத்தி வருவதை இந்தப் பின்னணியில்தான் விளங்கிக்கொள்ளவேணும்.

நாடாவிலும் குறை உண்டு. பக்குவமாக வைத்தால் நாடா 30 வருசம் தாங்கும். அதை வாசிக்கிற இயந்திரம் அவ்வளவு காலம் கிடைக்குமெண்டில்லை. ஒன்பதாம் தலைமுறை எல்ரிஓ இயந்திரம் தனக்கு முந்தின ஒரேயொரு தலைமுறையைத்தான் வாசிக்கும். ஆகவே சில வருசத்துக்கு ஒருக்கா புது நாடாவுக்கு மாற்றிக்கொண்டே இருக்கவேணும்.

ஒரு ஊர்ச் சங்கம் பல இலட்சம் கொடுத்து எல்ரிஓ இயந்திரம் வாங்காது. வாங்கவும் தேவையில்லை. மூண்டு பிரதி, இரண்டு வகை ஊடகம், ஒரு பிரதி வேறு ஊரில்: இந்தப் பழைய விதி ஒரு வன்தட்டோடும் சரிவரும். வேலை முடிஞ்சதும் கணினியிலிருந்து கழட்டிவைத்தால் போதும்.

அலுமாரியில் கிடக்கிற கசற்றுக்கு மட்டும் அவ்வளவு பொறுமை இல்லை. தீவகத்து ஈர உப்புக்காத்தில் நாடாவில் பூஞ்சணம் பிடிக்கும், பூச்சு உதிரும். ஓடக்கூடிய பிளேயர்களும் குறைஞ்சுகொண்டு போகின்றன. அம்மம்மாவின் குரலைக் கணினிக்கு மாற்ற ஒரு பிளேயரும் ஒரு வயரும் ஒரு பின்னேரமும் போதும்.