நியூசிலாந்துச் சிலந்திகள்: மழலையர் அறிமுகம்

பசிபிக் பெருங்கடலின் தென்மேற்கிலுள்ள தீவு நாடான நியூசிலாந்தில் 1,100க்கும் மேற்பட்ட சிலந்தி இனங்கள் அறிவியல் பெயர் பெற்றுள்ளன. பத்தில் ஒன்பது பங்குக்கு மேற்பட்டவை உலகில் வேறெங்கும் இல்லாதவை. மனிதருக்கு ஆபத்தானவை மிகச் சிலவே. எந்த வீட்டிலும் தோட்டத்திலும் எளிதில் கண்ணில் படுவதால், சிறு குழந்தைகளுக்கு உயிரினங்களை அறிமுகப்படுத்தச் சிலந்தி நல்ல தொடக்கமாகிறது. அந்நாட்டின் மழலையர் பாடத்திட்டமான தே ஃபாரிக்கி (1996, திருத்தம் 2017) வகுக்கும் ஐந்து பிரிவுகளில் சுற்றுலகை ஆராய்ந்தறிதலும் ஒன்று.

அடையாளங்கள்

குழந்தைகள் முதலில் கால்களை எண்ணப் பழகுகிறார்கள். பூச்சிக்கு 6 கால்கள், சிலந்திக்கு 8. சிலந்தியின் உடல் இரண்டு பகுதிகளால் ஆனது. இறக்கையும் உணர்கொம்பும் கிடையா. எல்லாச் சிலந்திகளும் நூல் நூற்கும். ஆனால் எல்லாமே வலை பின்னி இரை பிடிப்பதில்லை.

வீட்டில்

கூரை மூலைகளில் தொங்கும் நெடுங்கால் சிலந்தி, தொந்தரவு செய்தால் வலையோடு சேர்ந்து வேகமாக அதிரும். சன்னல் சட்டங்களில் தூசு படிந்த வலை கட்டும் சாம்பல்நிற வீட்டுச் சிலந்தி ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. அதை வேட்டையாடும் வெள்ளைவால் சிலந்தியும் அங்கிருந்து வந்ததே. வெள்ளைவால் கடித்தால் சதை அழுகும் என்ற அச்சம் பரவலாக உண்டு. ஆனால், உறுதி செய்யப்பட்ட 130 கடிகளை ஆராய்ந்து 2003இல் ஆஸ்திரேலியாவில் வெளியான ஆய்வில் அத்தகைய புண் ஒருவருக்கும் ஏற்படவில்லை.

தோட்டத்தில்

புதர்களின் நுனியில் வெள்ளைக் கூடாரம்போல் தெரிவது நர்சரி வலைச் சிலந்தியின் (டோலோமீடீஸ் மைனர்) வேலை. தாய்ச் சிலந்தி முட்டைப்பையைத் தாடைகளில் கவ்விச் சுமக்கும். குஞ்சு பொரிக்கும் காலம் நெருங்கியதும் இந்தக் கூட்டைப் பின்னிக் காவல் இருக்கும். இது இரைபிடிக்கும் வலை அன்று. ஹரகெகே எனும் நார்ச்செடியின் சுருண்ட இலைகளில் வாழும் கருந்தலைக் குதிக்கும் சிலந்தி (டிரைட் பிளானிசெப்ஸ்) இரையின் மீது பாய்ந்து பிடிக்கும்.

கடற்கரையிலும் குகையிலும்

கடற்கரை மணல்மேடுகளில், ஒதுங்கிய மரக்கட்டைகளின் அடியில் கட்டிப்போ எனும் சிலந்தி வாழ்கிறது. பெண் சிலந்தியின் உடல் பட்டாணி அளவே. பெரும்பாலும் கருமையான முதுகில் சிவப்புக் கோடு ஓடும். இது நஞ்சுள்ளது என்றாலும் கூச்ச குணமுடையது, கடிப்பது அரிது. கடித்தால் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். நச்சுமுறி மருந்து உண்டு. மணல்மேடுகள் அழிந்ததாலும், தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்த வேறொரு சிலந்தியின் போட்டியாலும் எண்ணிக்கை குறைந்ததால், 2010இல் இதற்குச் சட்டப் பாதுகாப்பு வழங்கப்பட்டது. தெற்குத் தீவின் வடமேற்குக் குகைகளில் வாழும் நெல்சன் குகைச் சிலந்தியும் சட்டப் பாதுகாப்பு பெற்றது. கால்களை விரித்தால் சுமார் 13 செ.மீ. அகலம் கொண்ட இது நாட்டின் மிகப்பெரிய சிலந்திகளுள் ஒன்று. குகை வேட்டா எனும் பூச்சிகளை இரையாகக் கொள்ளும்.

காட்டும் முறை

சிலந்தியை அதன் இடத்திலேயே, தொடாமல் பார்ப்பது முதல் விதி. வலையின் மீது மென்மையாக நீர் தெளித்தால் இழைகள் துலங்கும். பல சிலந்திகள் இரவில் இயங்குவதால் கைவிளக்கும் உதவும். வீட்டுச் சிலந்தியை நெருங்கிப் பார்க்க, கண்ணாடிக் குவளையைக் கவிழ்த்து அடியில் அட்டையைச் செருகி எடுக்கலாம். இதைப் பெரியவரே செய்ய வேண்டும். பார்த்து முடித்ததும் பிடித்த இடத்திலேயே விட்டுவிட வேண்டும். கட்டிப்போவையும் குகைச் சிலந்தியையும் பிடிக்கவே கூடாது. கடற்கரைக் கட்டைகளைக் குழந்தைகள் புரட்டக் கூடாது. பெரியவர் புரட்டினால் அதே நிலையில் திரும்ப வைக்க வேண்டும். வெளியே கிடந்த காலணிகளை உதறிவிட்டு அணிய வேண்டும். குழந்தை பயந்தால் கட்டாயப்படுத்தாமல், தள்ளி நின்று பார்க்கவும் கண்டதை வரையவும் விடுவது நல்லது.