குதிரை வாங்கி ஓட்ட ஆசையா? அந்தியூர் சந்தைக்குக் கிளம்பும் முன் இதைப் படிங்க!

தேனி மாவட்டத்துக்குக் குதிரை புதுசு இல்லை. போடி பக்கம் ரோடு இல்லாத மலைக்கிராமங்களுக்குத் தேர்தல் நேரத்தில் வாக்குப்பதிவு இயந்திரமே குதிரை முதுகில்தான் போகும். ஆனால் சேணம் போட்டு, தோப்புப் பாதையில் ஜாலியாக ஓட்ட ஒரு குதிரை வேண்டும் என்றால் அது வேறு கணக்கு.

எந்தக் குதிரை கிடைக்கும்?

வீடியோக்களில் வரும் அமெரிக்க குவார்ட்டர் ஹார்ஸ் சாதுவான இனம். கால் மைல் தூரத்தில் பாய்ந்து ஜெயிப்பதால் வந்த பெயர் அது. நம்ம ஊர்ச் சந்தையில் அதைத் தேடாதீங்க. இங்கே கிடைப்பது காது நுனி உள்பக்கம் வளைந்த மார்வாரி, கத்தியவாரி, பந்தயத்தில் இருந்து ஓய்வு பெற்ற தரோபிரெட், அப்புறம் மட்டக்குதிரை. தரோபிரெட் வேகத்துக்காகவே வளர்க்கப்பட்டது. புதுசாக ஓட்டுபவர்களுக்குச் சரிப்படாது.

ஓட்டுபவரும் சேணமும் சேர்ந்து குதிரையின் எடையில் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது பொதுவான கணக்கு. 300 கிலோ மட்டக்குதிரை என்றால் 60 கிலோதான்.

நாட்டியம் பார்த்து ஏமாறாதீங்க

ஈரோடு மாவட்டம் அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாவில் கூடும் சந்தைதான் குதிரை வாங்குபவர்களின் முதல் சாய்ஸ். அங்கே கூட்டம் கூடுவது காலைத் தூக்கி ஆடும் குதிரையைச் சுற்றி. பார்க்க சூப்பர்! ஆனால் உங்களுக்குத் தேவை கடிவாளத்தைத் தளர்த்தினாலும் அமைதியாக நடக்கிற குதிரை. வண்டிப் பந்தயத்தில் ஓடிய குதிரையும் அப்படித்தான், நிறுத்துவதே பெரும்பாடு.

'சுழி சரியில்லை' என்று விலை குறையும் குதிரையும் இருக்கும். சுழி என்பது முடி வளரும் திசை, அவ்வளவுதான். ஓட்டுவதற்கு மட்டும் வாங்குபவருக்கு இது லாபம். என்ன, திருப்பி விற்கும்போது அதே சுழி உங்கள் விலையையும் குறைக்கும்.

கெட்டியான தரையில் குதிரையை ஓடவிட்டுப் பாருங்க. ஒவ்வொரு அடிக்கும் தலை மேலே கீழே ஆடினால் முன்காலில் வலி இருக்கலாம். விற்பவர் முதலில் ஏறி ஓட்டட்டும், பிறகு நீங்கள். வயசுக்குப் பல்தான் சாட்சி. 5 வயசில் முன்பற்கள் எல்லாம் நிரந்தரப் பற்களாகிவிடும். மேல்வரிசை முன்பற்களில் ஓரப் பல்லில் ஒரு பள்ளக்கோடு தெரிந்தால் சுமார் 10 வயசு, கோடு பாதிப் பல் வரை இறங்கினால் 15.

ரத்தப் பரிசோதனை கட்டாயம்

கிளாண்டர்ஸ் என்ற பாக்டீரியா நோய் குதிரையில் இருந்து மனிதருக்கும் பரவும். தடுப்பூசி கிடையாது. உறுதியானால் குதிரையைக் கருணைக்கொலை செய்ய வேண்டும். அதனால் ரிசல்ட் கையில் இல்லாமல் அட்வான்ஸ் கொடுக்காதீங்க. அந்தியூரில் இருந்து தேனி 200 கிலோமீட்டருக்கு மேல். குதிரை பயணத்துக்குத் தகுதி என்ற கால்நடை மருத்துவர் சான்றும் வேண்டும்.

வீட்டுக்கு வந்த பிறகு?

உண்மையான சோதனை இங்கேதான். முல்லைப்பெரியாறு பாசனத்தில் கம்பம் பள்ளத்தாக்கில் வைக்கோலுக்குப் பஞ்சமில்லை. ஆனால் மாட்டுக்குப் போடுவதை அப்படியே குதிரைக்குப் போட முடியாது. மாடு அசைபோடும், குதிரை போடாது. வெறும் வைக்கோலும் குறைந்த தண்ணீரும் என்றால் குடலில் அடைத்துக்கொள்ளும். குதிரையால் வாந்தியும் எடுக்க முடியாது என்பதால் வயிற்றுவலியே உயிரைப் பறித்துவிடும்.

தோப்புகளில் வளர்க்கும் கம்பு நேப்பியர் புல்லிலும் ஒரு சிக்கல். அதில் உள்ள ஆக்சலேட், குதிரைக்குக் கால்சியம் சேரவிடாது. மாதக்கணக்கில் அதையே போட்டால் எலும்பு பலவீனமாகும். சாதாரணப் புல்லும் கலந்து கொடுங்க. மருந்தடித்த திராட்சைத் தோட்டத்துப் புல் வேண்டவே வேண்டாம்.

400 கிலோ குதிரைக்கு ஒரு நாளைக்குக் காய்ந்த தீவனமாகக் கணக்கிட்டால் 6 முதல் 8 கிலோ தேவை. லாடத்தை 6 முதல் 8 வாரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். பக்கத்தில் லாடம் அடிப்பவரும், குதிரை பார்த்துப் பழகிய மருத்துவரும் இருக்கிறார்களா என்று சந்தைக்குப் போகும் முன்பே விசாரிச்சுடுங்க.