செவிலியர் பணியும் நம் சமுதாயமும்

தேனாம்பேட்டை அண்ணா சாலையில், மருத்துவத் துறை இயக்ககங்கள் அமைந்த டி.எம்.எஸ். வளாகத்தை நம் மக்கள் நாள்தோறும் கடந்து செல்கின்றனர். அரசு மருத்துவமனைகளுக்குச் செவிலியர் உள்ளிட்ட மருத்துவப் பணியாளரைத் தேர்ந்தெடுப்பதற்கென 2012இல் அமைக்கப்பெற்ற மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியமும் அங்கேதான் உள்ளது. அவ்வாயிலுள் நம் பெண்மக்கள் நுழைவதற்கு வழி பிறந்த வரலாற்றை இவ்வெள்ளிவிழா மலரில் நினைவுகூர்தல் பொருத்தமாகும்.

நோயாளியைத் தொடாமல் செவிலியர் தொண்டு இல்லை. ஆனால், தொடாமையையே ஒழுக்கமாகக் கொண்டிருந்தது நம் நாடு. 1929 டிசம்பரில் ‘யங் இந்தியா’ இதழில் வெளிவந்த ஒரு கடிதத்தை அண்ணல் அம்பேத்கர் எடுத்துக்காட்டியுள்ளார். கத்தியவாரில் தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்த ஆசிரியர் ஒருவரின் மனைவி, மகப்பேற்றுக்குப் பின் நோயுற்றார். மருத்துவர் சேரிக்குள் வர மறுத்தார். இரண்டு நாள் குழந்தையின் தாயைச் சேரிக்கு வெளியே கொண்டுவரச் செய்து, வெப்பமானியை ஒரு முஸ்லிம் அன்பரின் கைவழியே கொடுத்தனுப்பினார். நாடி பிடித்துப் பார்க்கவும் இல்லை. கட்டணம் மட்டும் பெற்றுக்கொண்டார். அத்தாய் இறந்தார். தீண்டாமை என்பது உயிரைப் பறிப்பது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

சென்னையில் 1854இல் மருத்துவச்சிகளுக்கும், 1871இல் அரசு பொது மருத்துவமனையில் செவிலியருக்கும் பயிற்சி தொடங்கிற்று. பேற்றையும் குருதியையும் தீட்டு எனக் கருதிய மேற்சாதிக் குடும்பங்கள் தம் பெண்களை இத்தொழிலுக்கு அனுப்பத் தயங்கின. ஐரோப்பியரும் ஆங்கிலோ இந்தியரும் இந்தியக் கிறித்தவரும் முதலில் வந்தனர். ஒடுக்கப்பட்ட குடிகளிலிருந்து கிறித்தவம் தழுவிய குடும்பத்துப் பெண்களும் மிஷன் மருத்துவமனைகளின் வழியே அவர்களுள் இடம்பெற்றனர். 1946இல் அறிக்கை அளித்த போர் குழு, நாடு முழுமைக்கும் ஏறத்தாழ 7,000 செவிலியரே இருந்தனர் என்று கணக்கிட்டது. தீட்டு என்னும் எண்ணமும் இப்பற்றாக்குறைக்கு ஒரு காரணமன்றோ?

சிற்றூர்களில் பேறு பார்த்த பெண்களுள் பெரும்பாலோர் கீழ்ச்சாதியார் எனப்பட்டவரே. அவர்கள் பெற்ற கூலி சிறிது நெல்லும் பழந்துணியும். அவர்தம் பெயர்கள் எந்த ஏட்டிலும் இல்லை. இந்நிலையில்தான் 1926ஆம் ஆண்டின் சென்னைச் செவிலியர், மருத்துவச்சிகள் சட்டம் பிறந்தது. பயின்று தேறியவரின் பெயர் அரசு ஒப்பிய பதிவேட்டில் ஏறிற்று. அப்பதிவேட்டைப் பேணும் மன்றம் இன்று மயிலாப்பூர் சாந்தோம் நெடுஞ்சாலையில் உள்ளது. நேற்று இழிதொழில் எனப்பட்டதே, பதிவெண்ணும் ஊதியமும் பெற்றவுடன் மதிப்புடைய தொழிலாயிற்று. தொழிலில் இழிவில்லை, அதைப் பார்த்த கண்ணில்தான் இழிவு இருந்தது.

ஆயினும் பதிவேட்டின் கதவு கல்வியால் மட்டுமே திறப்பது. 1944இல் தாழ்த்தப்பட்ட மாணவர்க்கு மேற்படிப்பு உதவித்தொகை தொடங்கப்பெற்றது. இன்று தமிழகத்தில் ஆதிதிராவிடர்க்கு 18 விழுக்காடு ஒதுக்கீடு உண்டு. அதனுள் அருந்ததியர்க்கு 3 விழுக்காடு 2009இல் வந்தது. பன்னிரண்டாம் வகுப்பில் அறிவியல் பயின்ற மாணவி மூன்றாண்டுப் பட்டயப் படிப்பையோ, நான்காண்டுப் பட்டப் படிப்பையோ மேற்கொள்ளலாம். ஏற்பு பெறாத நிறுவனத்தில் பணம் கட்டிப் பெறும் சான்றிதழ் பதிவேட்டில் ஏறாது. ஆதலின் சேருமுன் செவிலியர் மன்றத்தின் ஏற்பினை உறுதிசெய்தல் பெற்றோர் கடமை.

பதிவு பெற்றுவிட்டால் போராட்டம் முடிந்தது என்றும் எண்ணற்க. தேர்வெழுதித் தேறியும் மாதம் 7,700 ரூபாய்த் தொகுப்பூதியத்தில் பணியாற்றிய ஒப்பந்தச் செவிலியர் ஆயிரக்கணக்கானோர், 2017 நவம்பரில் இதே டி.எம்.எஸ். வளாகத்தில் பணி நிரந்தரம் கோரி அமர்ந்தனர். உயர்நீதிமன்றத் தலையீட்டின்பின் பணிக்குத் திரும்பினர்; ஊதியமும் பின்னர் உயர்ந்தது. கற்றதனால் உரிமை கேட்கும் வாய் வந்தது. ஒன்று கூடியதனால் அக்குரல் செவியேறிற்று.

நம் தாயரின் கையைத் தொட மறுத்தது ஒரு காலம். நம் மகளிரின் கை, சாதி கேளாது எவர் நாடியையும் பிடித்துப் பார்ப்பது இக்காலம். அக்கைகள் இன்னும் பலவாகப் பெருக வேண்டும். அதற்கு நம் வீட்டுப் பெண்ணின் படிப்பு பத்தாம் வகுப்போடு நின்றுவிடாமற் காப்பதே நாம் செய்யத்தக்க முதற்பணியாகும்.