கடைமடை காய்ந்தால்: கல்லூரி விளையாட்டுக் கணக்கு

தஞ்சாவூர்க்காரங்களுக்கு கடைமடைன்னா என்னன்னு சொல்ல வேண்டாம். மேட்டூர்ல திறந்த தண்ணி கல்லணைக்கு வந்து, கல்லணைக் கால்வாய் வழியா பேராவூரணிப் பக்கம் போய்ச் சேரணும். வரத்து குறைஞ்சா முதல்ல காயறது அங்கதான். அமெரிக்கக் கல்லூரிகளின் விளையாட்டுத் துறை வரவு செலவும் கிட்டத்தட்ட இதே பாசனம்தான்.

அங்கே தலைமடை, அமெரிக்கன் ஃபுட்பால். (பந்தைக் கையில் தூக்கிக்கிட்டு ஓடுவாங்களே, அது.) டிக்கெட், டிவி உரிமை, பழைய மாணவர் நன்கொடை எல்லாம் பெரும்பாலும் அதை வைத்துத்தான். அந்தப் பணம் வழிந்துதான் நீச்சல், மல்யுத்தம், படகு வரைக்கும் போகும்.

ஊற்று வற்றினால் என்ன ஆகும்? சிகாகோ பல்கலைக்கழகத்தைப் பாருங்க. ஸ்டாக் என்ற பயிற்சியாளர் 1892 முதல் 1932 வரை அங்கே ராஜாங்கம் நடத்தினார். ஆனா 1924-க்குப் பிறகு பட்டம் இல்லை. தோற்கத் தோற்க கூட்டம் குறைஞ்சது, வசூலும் குறைஞ்சது. 1939-ல் மிச்சிகனிடம் 85-0! அந்த டிசம்பரிலேயே தலைவர் ஹட்சின்ஸ் ஃபுட்பாலையே நிறுத்திட்டார். சும்மா கிடந்த அந்த மைதானத்தின் கேலரிக்குக் கீழேதான் 1942 டிசம்பர் 2-ல் உலகின் முதல் அணு உலை இயங்கியது. 1969-ல் ஃபுட்பால் திரும்பி வந்தது, பழைய ஆர்ப்பாட்டம் இல்லாமல்.

மத்தவங்க தலைமடையை விட்டுட்டு கடைமடையில கைவச்சாங்க. எட்டு வருஷம் தள்ளித் தள்ளித் திறந்த மேட்டூர் 2020-ல் ஜூன் 12 அன்னைக்கே திறந்தது, ஞாபகம் இருக்கா? அடுத்த மாசம் ஸ்டான்ஃபோர்டு பற்றாக்குறையைக் காட்டி 36 விளையாட்டுகளில் 11-ஐ நீக்கப்போறதா அறிவிச்சது. கத்திச்சண்டை, மல்யுத்தம், படகு... ஃபுட்பால் மேல கை வைக்கலை. பழைய மாணவர்கள் போராடி, வழக்குப் போட்டு, 2021 மே மாசம் 11-ஐயும் மீட்டாங்க. 2025 ஜூனில் வந்த நீதிமன்றத் தீர்வுப்படி, கல்லூரிகள் வீரர்களுக்கே ஆண்டுக்கு சுமார் 2 கோடி டாலர் வரை கொடுக்கலாம். நியாயம்தான், அவங்க உழைப்பு. ஆனா அந்தத் தண்ணியும் அதே கால்வாயிலிருந்துதான் போகணும்.

நம்ம கல்லூரிகள்ல டிக்கெட்டும் இல்லை, டிவியும் இல்லை. பீஸ் ரசீதில் விளையாட்டுக் கட்டணம்னு தலைக்கு ஒரு சின்னத் தொகை. பந்து, வலை, ஜெர்சி, போட்டிக்குப் போற பஸ் செலவு எல்லாம் பெரும்பாலும் அதில்தான். சேர்க்கை குறைஞ்சா இதுவும் குறையும், ஒத்துக்கறேன். ஆனா கபடி சம்பாதிச்சு கோ-கோவுக்குச் சோறு போடணும்னு யாரும் கேட்பதில்லை. "விளையாட்டுத் துறை தன் செலவைத் தானே சம்பாதிக்கணும்"னு யாராவது ஆரம்பிச்சா உஷாராயிடுங்க. அன்னைக்கே நம்ம ஊர்லயும் ஒரு கடைமடை உருவாகும். முதல்ல காயப்போறது எதுன்னு நினைக்கறீங்க? பெண்கள் கோ-கோன்னுதான் எனக்குத் தோணுது.

உங்க கல்லூரியில் எப்படி? சொல்லுங்களேன்.